‘யூஸ்ட் டு’ என்றால் வழக்கமா?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். திருக்குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் எழுதுவதற்கு நம்மிடையே கற்றறிந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ 1978இல் தில்லிக்கு வந்து, முப்பத்து நான்கு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே காலம் தள்ளியவன். எனக்கு ஓரளவு தெரிந்தது ஆங்கிலக் குறிப்பு எழுதுவதுதான். அந்த ஆங்கிலத்திலும் இரண்டே இரண்டு சொற்கள் என்னை எப்படி ஏமாற்றின என்பதைச் சொல்லலாம் என்று தோன்றியது. நம் குடும்பங்களில் பலருக்கும் இது பயன்படும்.

2012 ஜனவரி. மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்குத் தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருக்கு அப்போது வயது 74. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார் அந்த டாக்டர் அம்மா. நான் நல்ல இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: “எஸ் மேடம், ஹி யூஸ்ட் டு டேக் எ பிரஷர் டேப்லெட் எவ்ரி மார்னிங்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் மாமாவுக்குத் தலை சுற்றல், பின்மண்டையில் வலி. ரத்த அழுத்தம் பார்த்தால் 190/110. நர்சுகள் ஓடினார்கள், எனக்குக் கைகால் உதறல். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, தாத்தா பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாராமே? எப்போ நிறுத்தினார்?” அவர் எங்கே நிறுத்தினார்! பத்து வருஷமாக ஒருநாள் தவறாமல் சாப்பிட்டு வந்தவர். “முன்பு மாத்திரை எடுத்து வந்தார், இப்போது இல்லை” என்று அட்டையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லை. நாங்களும், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டு மாத்திரையைப் பையிலேயே வைத்திருந்தோம்.

டாக்டர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்னதை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நான்தான் தப்பாகச் சொன்னேன்.

‘யூஸ்ட் டு’ என்று வந்தால், முன்பு வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். ‘இப்போது இல்லை’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே கிடையாது. அந்தச் சொல்லுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. நான் பள்ளியில் படித்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் இந்த விதி இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்து பேசும்போது விதி வரவில்லை, வேறு ஏதோ வந்தது. என்ன வந்தது என்று பல நாள் யோசித்ததில் எனக்குப் புலப்பட்டது இது: வந்தது என் தமிழ்.

ஒரு தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள். “எங்கப்பா தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார்.” இதைக் கேட்பவருக்கு என் அப்பா இன்றும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாரா, அல்லது இது பழைய கதையா என்று இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தெரியாது. முன்னால் “அப்பல்லாம்” என்று சேர்த்தால் பழைய கதை. “இப்பவும்” என்று சேர்த்தால் இன்றைய கதை. வினைச்சொல் மாறவே இல்லை. அது எதிர்கால வினை என்று இலக்கணம் சொல்லும். ஆனால் அங்கே எதிர்காலத்தின் வாசனைகூட இல்லை. வழக்கத்தைச் சொல்வதற்கு நாம் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறோம். “காலையில பால் வரும்”, “சாயங்காலம் பசங்க விளையாடுவாங்க”, “மாமா சாப்பிட்டதும் வெத்தலை போடுவார்.” எல்லாம் ஒரே அச்சு.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. மூன்று காலத்துக்கும் பொதுவாக இயல்பாய் நிகழ்வதைச் ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் விதித்திருக்கிறார். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். ஆகவே ‘மலை நிற்கும்’ என்று உரைகாரர் எடுத்துக்காட்டுத் தருவார். அந்த மலையைப் போலத்தான் என் மாமனாரின் மாத்திரையும். தமிழில் “மாமா காலையில மாத்திரை சாப்பிடுவார்” என்று சொல்லியிருந்தால் யாரும் அவர் நிறுத்திவிட்டார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட பொருள், ‘யூஸ்ட் டு – வழக்கம்.’ அவ்வளவுதான். “நான் கோயிலுக்குப் போவது வழக்கம்” என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஐ யூஸ்ட் டு கோ டு த டெம்பிள்’ என்று எழுதுவோம். ‘வழக்கம்’ என்ற சொல்லுக்குக் காலமே கிடையாது. ‘வழக்கமாக இருந்தது’ என்று அன்றைக்கே எழுதிப் போட்டிருந்தால் 2012இல் எனக்கு அந்தக் காலை வந்திருக்காது. வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ எழுதிப் போட்டிருப்பார்கள்.

சரி, இன்றும் நடக்கிற வழக்கத்தை எப்படிச் சொல்வது? வெறும் ‘ஹி டேக்ஸ்’ போதும். ‘ஹி டேக்ஸ் எ பிரஷர் டேப்லெட் எவ்ரி மார்னிங்.’ இதைச் சொல்ல நமக்கு மனசு வருவதில்லை. மொட்டையாக இருக்கிற மாதிரி, வழக்கம் என்ற கருத்துக்கு ஒரு சொல் குறைகிற மாதிரி ஒரு தோற்றம். உண்மையில் ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்துக்கு முக்கியமான வேலையே வழக்கத்தைச் சொல்வதுதான். இந்த நிமிஷம் நடப்பதைச் சொல்ல அவர்கள் ‘ஹி இஸ் டேக்கிங்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் ‘சாப்பிடுகிறார்’ இரண்டு வேலையும் செய்யும், அவர்களுடையது செய்யாது. வேண்டுமானால் ‘யூஷுவலி’ என்று ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். கருத்துக்கு அதுகூட வேண்டியதில்லை, காதுக்கு ஒரு ஆறுதல்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஹிந்தி. ‘ஜாதா ஹூ’ என்றால் போகிறேன், இன்றும் போகிற வழக்கம். ‘ஜாதா தா’ என்றால் முன்பு போய்க்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் பேசுமுன் அதே வாக்கியத்தை மனசுக்குள் ஹிந்தியில் ஓட்டிப் பாருங்கள். கடைசியில் ‘தா’ வந்தால் ‘யூஸ்ட் டு’ போடலாம். ‘ஹை’, ‘ஹூ’ வந்தால் போடக்கூடாது. ஹிந்திக்காரர்களே இதில் தடுக்கி விழுவதை அலுவலகத்தில் தினமும் கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வழி சட்டென்று பிடிபடுகிறது. என் மகளுக்கு அட்டையைப் பார்த்ததும் பொறி தட்டியது இதனால்தானோ என்னவோ.

எதிர்மறையில் வேடிக்கை இன்னும் அதிகம். “முன்னெல்லாம் நான் காபி குடிக்க மாட்டேன்” என்கிறோம். நடந்து முடிந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறோம், வினையோ ‘மாட்டேன்’. இதற்கு ஆங்கிலம் ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு டிரிங்க் காபி.’ இதைச் சொன்னால் இப்போது குடிக்கிறேன் என்று அர்த்தம். எழுதும்போது பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று: ‘டிட்’ வந்துவிட்டால் ‘யூஸ்ட்’ என்பதன் கடைசியில் உள்ள ‘டி’ எழுத்து போய்விடும். இறந்தகாலத்தை ‘டிட்’ தூக்கிக்கொண்டுவிட்டது, இரண்டு பேர் தூக்க வேண்டாம். கேள்வியிலும் அப்படியே. காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் தவறு கையெழுத்தில்தான் வெளிப்படும்.

எத்தனை வருஷம், எத்தனை தடவை என்று கணக்குச் சொன்னாலும் இந்தச் சொல் ஒட்டாது. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் கரோல் பாக்’ சரி. அதோடு ‘ஃபார் டென் இயர்ஸ்’ என்று சேர்த்தால் சரியில்லை. பத்து வருஷம் என்று எல்லை கட்டிவிட்டால் ‘ஐ லிவ்ட்’ என்பதே போதும்.

இனி, என்னை இதைவிட அதிக காலம் குழப்பிய இன்னொரு ‘யூஸ்ட் டு’வுக்கு வருகிறேன். ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ என்று முன்னால் ஒரு ‘ஆம்’ வந்துவிட்டால் கதையே வேறு. எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். இங்கே பின்னால் வரும் வினைக்கு ‘இங்’ சேர்க்க வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபோர்’ என்பதுதான் சரி, ‘யூஸ்ட் டு கெட் அப்’ அல்ல. ஏன்? ‘டு’ வந்தால் பின்னால் வெறும் வினைதானே வரவேண்டும், ‘டு கோ’, ‘டு சீ’ என்றுதானே படித்தோம்?

இதே கேள்வியோடு நான் அலுவலகத்தில் சில வருஷம் திரிந்திருக்கிறேன். கடிதங்களின் முடிவில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுவேன். எங்கள் அண்டர் செக்ரட்டரி ஒருவர் சிவப்புப் பென்சிலால் ‘ஹியர்’ பின்னால் ‘இங்’ சேர்த்து அனுப்புவார், ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டார். பெரியவர் தப்புப் பண்ணுகிறார் என்று நினைத்து அடுத்த தடவையும் பழையபடியே எழுதுவேன். சிவப்புப் பென்சில் மறுபடி வரும். காரணம் எனக்குக் கிடைத்தது நம் தமிழ் இலக்கணத்தில்தான்.

ஆங்கிலத்தில் ‘டு’ என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். முகம் ஒன்று, குலம் வேறு. ஒரு ‘டு’, நம் ‘போக’, ‘பார்க்க’, ‘சாப்பிட’ என்கிற எச்சங்களைப் போல வினையோடு ஒட்டிப் பிறந்தது. இன்னொரு ‘டு’ நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’. “குளிருக்குப் பழகிவிட்டேன்” என்கிறோம் அல்லவா, அந்தக் ‘கு’. வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லோடுதான் சேரும், வினையோடு சேராது. “எழுந்திருக்கிறேனுக்குப் பழகிவிட்டேன்” என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். “எழுந்திருப்பதற்கு” என்று வினையைத் தொழிற்பெயராக்கி, அதோடு ‘கு’வைச் சேர்க்கிறான். ஆங்கிலக்காரன் செய்வதும் அதுவேதான். அவனுடைய ‘இங்’ இங்கே தொழிற்பெயர் விகுதி. ‘கெட்டிங் அப்’ என்றால் எழுந்திருத்தல்.

ஆகவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். ‘டு’வுக்குப் பின்னால் குளிர், வெயில், சத்தம் என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு த கோல்ட்’ சரியாக நிற்கிறது. அப்படியானால் அது ‘கு’. வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ யூஸ்ட் டு த கோல்ட்’ நிற்கவில்லை. அப்படியானால் அது எச்சத்து ‘டு’. வினை வெறுமனே வரும். ‘லுக்கிங் ஃபார்வர்டு டு யுவர் லெட்டர்’ நிற்கிறது, ஆகவே ‘ஹியரிங்’. அண்டர் செக்ரட்டரி சரிதான். அவர் ஓய்வு பெற்று வெகு காலம் கழித்து இது எனக்குப் புரிந்தது. சொல்லி மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

இதே வரிசையில் ‘கெட் யூஸ்ட் டு’ ஒன்று. பழகிவிட்ட நிலையைச் சொல்வது ‘ஆம் யூஸ்ட் டு’ என்றால், பழகிக்கொள்வதைச் சொல்வது இது. தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ரஜாய்க்குள்ளிருந்து தலையை நீட்ட முடியாமல் கிடந்த என்னைப் பார்த்து அறைத் தோழர் “யூ வில் கெட் யூஸ்ட் டு இட்” என்றார். எப்படியோ ஆயிற்று. இப்போது ஊருக்குப் போனால் மார்கழியில் விசிறி இல்லாமல் தூக்கம் வருவதில்லை. ‘ஹேபிட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘இன் த ஹேபிட் ஆஃப் கோயிங்’ என்று ‘ஆஃப்’ போட்டு ‘இங்’ வரும். ‘டெண்ட் டு’ என்றால் வெறும் வினை. ‘திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் ஃப்ரூட்’ என்பதில் வருவதோ பயன்படுத்தப்படுகிறது என்ற பொருள். அதற்கும் வழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. உச்சரிப்பிலும் அது வேறு. கத்தியைப் பயன்படுத்தும் ‘யூஸ்ட்’, ஹிந்தியில் ஜவுக்குக் கீழே புள்ளி வைத்து எழுதுவார்களே, அந்த ஒலியோடு வரும். வழக்கத்தைச் சொல்லும் ‘யூஸ்ட்’ நம் சாதாரண ‘ஸ்’. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

பழைய வழக்கத்தைச் சொல்ல ‘வுட்’ என்றும் ஒன்று உண்டு. தாத்தா பாட்டி கதைகளுக்குப் பொருத்தமானது. ‘எவ்ரி சம்மர் வீ வுட் கோ டு த ரிவர்’, ஒவ்வொரு கோடையிலும் ஆற்றுக்குப் போவோம். இந்த ‘வுட்’, ‘வில்’ என்ற எதிர்காலச் சொல்லின் இறந்தகால வடிவம். நம் ‘போவோம்’ போலவே எதிர்காலச் சொல்லை வைத்துப் பழைய வழக்கத்தைச் சொல்கிறார்கள் பாருங்கள். இரண்டு பாஷைக்கும் எங்கோ ஒரே மாதிரி புத்தி போயிருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் ‘வுட்’ வரும். ஒரு நிலைக்கு வராது. “எங்களுக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது” என்பதற்கு ‘வீ வுட் ஹேவ் எ ஹவுஸ்’ என்றால் கேட்பவர் விழிப்பார். ‘வீ யூஸ்ட் டு ஹேவ்’ என்பதே சரி.

நம்மைச் சற்றுத் தேற்றிக்கொள்ள ஒரு செய்தி. ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இந்தச் சொல் நிகழ்காலத்திலும் வழங்கியது. ‘ஹி யூசஸ் டு கோ’ என்றால் அவர் போவது வழக்கம், இன்றும் போகிறார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளில் 119ஆம் சங்கீதத்தில் இந்த நிகழ்கால வழக்கைப் பார்க்கலாம். பிறகு அது வழக்கொழிந்தது. இறந்தகால வடிவம் மட்டும் தங்கியது. ‘வழக்கம்’ என்று பொருள் எழுதிப் போட்ட எங்கள் வாத்தியார் நானூறு வருஷம் முன்னால் லண்டனில் பிறந்திருந்தால் பாதியாவது சரியாக இருந்திருக்கும்.

நம்மவர் பேச்சில் இது எங்கெல்லாம் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன், தான் இன்று செய்கிற வேலையை ‘ஐ யூஸ்ட் டு ஹேண்டில் அக்கவுண்ட்ஸ்’ என்கிறான். கேட்பவர், இவனிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். வேற்று மாநிலச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் “மை சன் யூஸ்ட் டு கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே” என்றால், பையனுக்கு இப்போது பக்தி விட்டுப்போச்சு என்று பெண் வீட்டார் எடுத்துக்கொள்ள இடமுண்டு. நமக்குள் பேசிக்கொள்ளும்போது தொந்தரவு இல்லை, நாம் எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகச் சொல்லி ஒரே மாதிரி சரியாகப் புரிந்துகொள்கிறோம். டாக்டர், விசா அதிகாரி, இன்சூரன்ஸ்காரர் இவர்களிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலையே மாத்திரையை ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் அழுத்தம் கட்டுக்குள் வந்தது, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். பதினைந்து நாள் கழித்து அதே டாக்டர் அம்மாவிடம் காட்டப் போனோம். இந்தத் தடவை நான் தயாராகப் போயிருந்தேன். எல்லாப் பதிலையும் மனசுக்குள் ஹிந்தியில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார். மாமா வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொண்டிருந்ததும், என் மனைவி போட்ட சத்தத்தில் அதை விட்டதும் எனக்கு நன்றாகத் தெரியும். ‘தா’வில் முடிகிற வாக்கியம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தும் விழும்படி சொன்னேன்: “ஹி யூஸ்ட் டு சூ டொபாக்கோ, மேடம்.” அவரும் போன தடவை பட்ட பாட்டில் உஷாராகிவிட்டிருந்தார். “நிறுத்திவிட்டார் என்றுதானே சொல்கிறீர்கள்? நிச்சயமாக?” என்று மறுபடி கேட்டார். நிச்சயமாக என்றேன்.

என்ன கேட்கிறார்கள் என்று மாமா என் தோளைச் சுரண்டினார். சொன்னேன்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒரே ஒரு தடவை போடறது வழக்கம், மாப்பிள்ளை. அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவசரமாகக் குறுக்கிட்டு, “சாரி மேடம். ஹி சூஸ்” என்றேன்.